இரண்டாவது பிரேக்

மாஸ்டரின் சட்டைப்பையில் கைபேசி ‘டிங்’ என்றது. அடுத்த விநாடி கார் நாற்சந்தியின் நட்டநடுவில் குலுங்கி நின்றது.

“நான் ஒண்ணும் பண்ணலையே மாஸ்டர்,” என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த டீச்சரம்மா.

பண்ணியது மாஸ்டர்தான். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வருஷக்கணக்காக அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே காலை வைத்து உட்கார்ந்திருந்ததில், எந்தச் சத்தம் கேட்டாலும் அவருடைய வலது கால் அவரைக் கேட்காமலேயே அமுங்கிவிடும். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட ஒரு தடவை தரையை மிதித்துவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்ப்பார்.

பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. மாஸ்டர் கைபேசியை எடுத்துப் பார்த்தார். ‘உங்கள் குடும்ப உறுப்பினர் ஒரு செலவு செய்ய விரும்புகிறார். அனுமதிக்கலாமா?’ என்று கேட்டது. கீழே பச்சையில் ‘ஆம்’, சிவப்பில் ‘வேண்டாம்’.

ஹாரன் சத்தத்தில் அவருடைய விரலும் காலைப் போலவே நடந்துகொண்டது. சிவப்பை அமுக்கிவிட்டது.

டீச்சரம்மா வண்டியைத் திரும்பக் கிளப்பி, ஓரங்கட்டி, பெருமூச்சு விடுவதற்குள் மனைவியிடமிருந்து போன் வந்தது.

“என்னங்க, கடையில பில் போடற இடத்துல நிக்கிறேன். கார்டு வேலை செய்யலையாம். எனக்குப் பின்னாடி எட்டுப் பேர் நிக்கிறாங்க.”

“எனக்குப் பின்னாடி இருபது வண்டி நின்னுச்சு. நீ என்ன வாங்கற?”

“அரிசி, எண்ணெய், சோப்பு. வைர நெக்லஸ் ஒண்ணும் வாங்கலை.”

“சோப்பு போன வாரம்தானே வாங்கினோம்?”

மறுமுனையில் பேச்சே இல்லை. அந்த மௌனம் என்ன வேகத்தில் வரும், எங்கே வந்து மோதும் என்பதெல்லாம் மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும்.

“இரு, இரு. பச்சைய அமுக்கறேன்,” என்றார்.

அமுக்கினார். ‘நீங்கள் மறுத்த செலவை நாளைதான் மறுபரிசீலனை செய்ய முடியும். ஆசையைத் தள்ளிப்போட்டதற்கு வாழ்த்துகள்’ என்று திரையில் பூ மழை பொழிந்தது.

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். இப்போதுதான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்.

“இது என்ன கணக்கு மாஸ்டர்?”

“வீட்டு பட்ஜெட் டீச்சர். வீட்டுச் செலவுக்கும் ஒரு பிரேக் வச்சிருக்கேன்,” என்றார் மாஸ்டர். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. கொஞ்சம் நடுக்கமும் இருந்தது.

*

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நீல நிறக் கார்.

ஊரில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். அவருக்கென்று சொந்தமாக ஒரு சைக்கிள் பெல்கூடக் கிடையாது. என்றைக்காவது முதலாளியிடம் கேட்டு ஸ்கூல் காரில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனால், தலையில் ஸ்கூல் பெயர்ப்பலகையைச் சுமந்துகொண்டு போகும் அந்தக் காரைப் பார்த்து, சிக்னலில் பக்கத்தில் நிற்பவர், “ஒரு மாசத்துக்கு எவ்வளவு சார் வாங்கறீங்க?” என்று கேட்பார். மனைவி புதுச் சேலையில் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் கேட்பார். மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. அவளைத் தலையில் பலகை இல்லாத காரில் ஒரு தடவையாவது உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை.

பழைய கார் விற்கும் கடையில் அந்த நீலக் காரைப் பார்த்ததும் மனதைப் பறிகொடுத்துவிட்டார். கடைக்காரர் மாசக் கடைசிவரை அதை யாருக்கும் தராமல் வைத்திருப்பதாகச் சொன்னார். முன்பணம் போக மீதியை மாதத் தவணையில் கட்டலாம்.

“முன்பணம் பேங்க்ல இருக்கு. அது பிரச்சினையில்லை,” என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக் கணக்கு அவள் கையில். “மாசாமாசம் தவணை எங்கிருந்து வரும்?”

“நீ பார்க்கற மாதிரி கணக்கு பார்த்தா வராது. இப்பெல்லாம் ஆன்லைன்ல எவ்வளவோ வழி இருக்கு. கூப்பன் இருக்கு, ஆஃபர் இருக்கு. வீட்டுல சும்மா கிடக்கறதையெல்லாம் போன்லயே வித்துடறாங்க.”

“அப்ப இந்த மாசம் நீங்களே பாருங்க. தவணை அளவுக்கு மிச்சம் பிடிச்சுக் காட்டினா கார். இல்லைன்னா காரைப் பத்தின பேச்சே இனிமே எடுக்கக் கூடாது.”

“சவால்தானே? சரி,” என்றார் மாஸ்டர்.

அன்று மாலையே மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ‘காசுக் காவலன்’ என்ற செயலியை எல்லார் கைபேசியிலும் ஏற்றினார். கூடவே ‘சிக்கனச் சிகாமணி’ என்ற பெயரில் இணையத்தில் வீடியோ போடும் ஒருவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். சிகாமணி தடித்த மீசைக்காரர். ‘உங்கள் பணம் உங்களை விட்டு ஓடுகிறது. பிடியுங்கள்’ என்று தொடங்குவார். மாஸ்டரும் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

*

கடையிலிருந்து மனைவி வீட்டுக்கு வந்தபோது கையில் அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாமே இருந்தன.

“எப்படி வாங்கின?” என்றார் மாஸ்டர்.

“என் சம்பளத்துல கட்டினேன். அந்தக் கார்டு எடுக்க யார்கிட்டயும் கைகட்டி நிக்க வேண்டாம்.”

மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறாள். டீச்சரம்மா மாத்திரை வாங்குவதும் அந்தக் கடையில்தான். அந்தச் சம்பளம் அவளுடைய தனிக் கணக்கு. அதில் மாஸ்டர் தலையிடக் கூடாது என்பது கல்யாணமான புதிதிலேயே முடிவான விஷயம். முடிவு செய்தது யார் என்று கேட்க வேண்டாம்.

“எங்க கடைக்கு மருந்து வாங்க வர்றவங்க நாலு பேர் அந்த வரிசையில நின்னாங்க. ‘என்னம்மா, கார்டுல காசு இல்லையா’ன்னு கேக்கறாங்க. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னே தெரியலை.”

மாஸ்டருக்குச் சங்கடமாகிவிட்டது. இனிமேல் அவள் கடைக்கே போக வேண்டிய அவசியம் வரக் கூடாது என்று முடிவு செய்தார். சிகாமணியும் அன்றைய வீடியோவில் அதையேதான் சொன்னார். ‘கடை என்பது உங்கள் பர்சுக்கு வைத்த எலிப்பொறி. வீட்டிலிருந்தே வாங்குங்கள்.’

மறுநாள் மாஸ்டர் வீட்டிலிருந்தே வாங்கினார். வீட்டில் தரை துடைக்கும் திரவம் தீர்ந்திருந்தது. ஒரு பாட்டில் வாங்கினால், அதன் விலையைவிடக் கொண்டுவந்து தரும் கூலி அதிகமாக இருந்தது. இரண்டு வாங்கினால் கூலி பாதி. மூன்று வாங்கினால் கூலி இல்லை, ஆனால் கூப்பன் செல்லாது. நான்கு வாங்கினால் கூப்பனும் செல்லும், கூலியும் கிடையாது. மாஸ்டர் நான்கு என்று போட்டார். ‘நீங்கள் புத்திசாலி’ என்றது திரை. அதில் அவருக்கும் மறுப்பு இல்லை.

இரண்டு நாள் கழித்து நாலு பெரிய அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின.

“அப்பா, நாலு பாட்டில் இல்லை. நாலு பெட்டி. பெட்டிக்குப் பன்னிரண்டு,” என்றாள் மகள். “இதை வச்சு ஸ்டேடியத்தையே கழுவலாம்.”

“திருப்பி அனுப்பிட்டாப் போச்சு.”

“திரவத்தை அவங்க திருப்பி எடுக்க மாட்டாங்களாம். கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கு பாருங்க.”

மாஸ்டர் பார்த்தார். அந்த எழுத்தைப் பார்க்க முதலில் ஒரு மூக்குக்கண்ணாடி ஆர்டர் செய்ய வேண்டும்போல் இருந்தது. மாச பட்ஜெட்டில் ஒரு பெரிய துண்டு எலுமிச்சை வாசனையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தது. கூடமோ சின்னது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே பெட்டிகள் நின்றதில், அடுப்படிக்குப் போக ஒருவர் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது.

“இதை எங்க வைக்கறது?” என்றாள் மனைவி, பக்கவாட்டில் நடந்துகொண்டே.

“யோசிக்கறேன்,” என்றார் மாஸ்டர்.

யோசிக்கும் வேலையைச் சிகாமணியிடம் விட்டார். அவர் தயாராகவே இருந்தார். ‘ஒரு வருஷமாக நீங்கள் பயன்படுத்தாத பொருள் பொருளே அல்ல. அது தூங்குகிற பணம். எழுப்புங்கள். விற்றுவிடுங்கள்.’

மறுநாள் காலை மனைவி வேலைக்குப் போனதும் மாஸ்டர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கண் சோபாவில் போய் நின்றது. அகலமான, பச்சைத் துணி போட்ட பழைய சோபா. அதில் அவர் உட்கார்ந்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியிருக்கும். ஏனென்றால் அதில் எப்போதும் மனைவி உட்கார்ந்திருப்பாள். நாள் முழுக்க நின்றுகொண்டே பில் போட்டுவிட்டு வந்து, காலை மேலே தூக்கிவைத்துக்கொண்டு அரைமணி நேரம் யாரோடும் பேசாமல் இருப்பாள். மருந்துக் கடையில் வாங்கிய முதல் சம்பளத்தில் அவள் வாங்கிய சோபா அது. இந்த விவரமெல்லாம் சிகாமணியின் வீடியோவில் வரவில்லை என்பதால் மாஸ்டருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

“இதைப் போட்டோ எடுத்து ஏத்து,” என்றார் மகளிடம். பழைய சாமான்களை வாங்கி விற்க ஒரு தளம் இருந்தது.

“அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“வித்துட்டு சொல்லிக்கலாம். காசை நேர்ல பார்த்தா ஒண்ணும் சொல்ல மாட்டா.”

மகள் போட்டோ எடுத்து ஏற்றினாள். பிறகு எதுவும் பேசாமல் தன் கைபேசியில் எதையோ வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையாவது தட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ‘மொட்டைமாடி’ என்ற பெயரில் ஒருவர் சோபாவை வாங்கிவிட்டார். பேரம் பேசவில்லை. எங்கே கிழிந்திருக்கிறது என்று கேட்கவில்லை. பணம் காசுக் காவலனில் வந்து விழுந்தது. மதியமே ஒரு லோடு வண்டிக்காரர் வந்து, “சோபா எடுத்துட்டு வரச் சொன்னாங்க” என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். சோபா இருந்த இடத்தில் நாலு அட்டைப்பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டு தயாராக இருந்தது.

“எவ்வளவுக்குப் போச்சு?” என்றாள் அவள்.

மாஸ்டர் தொகையைச் சொன்னார்.

“பேரம் பேசலையா?”

“பேசவே இல்லை. சொன்ன விலையை அப்படியே கொடுத்துட்டான். எந்த ஏமாளியோ, யார் பெத்த பிள்ளையோ.”

“ஆமா. ஏமாளிதான்,” என்றாள் மனைவி. ஓர் அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். காலை மேலே வைக்க இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் மாஸ்டர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். போடாததுதான் அவரை உறுத்தியது. பெட்டிமேல் அவள் கால் சரியாக நீளாமல் தவிப்பதைப் பார்த்ததும், செய்தது தப்பு என்று அவருக்கே பட்டது. அதைச் சரிசெய்ய ஒரே வழிதான் அவருக்குத் தெரிந்தது. இரவு சாப்பிட்டதும் ஆன்லைனில் நாலு நாற்காலி ஆர்டர் செய்தார்.

*

நாற்காலிகள் நாற்காலிகளாக வரவில்லை. கட்டை கட்டையாக ஒரு பெட்டியிலும், திருகாணிகள் ஒரு பொட்டலத்திலும் வந்தன. பூட்டும் கருவி தனி விலை என்று போட்டிருந்தது. மாஸ்டர் அதை வாங்காமல் மிச்சம் பிடித்தார். சமையலறைக் கத்தியின் முனையால் திருகினார். கத்தி வளைந்தது. வீடியோவில் அந்த வேலையைச் செய்து காட்டிய பையன் சிரித்துக்கொண்டே ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டான். மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சிரிக்காமல் செய்தார்.

கடைசியில் நாற்காலிகள் எழுந்து நின்றன. நாலும் நாலு திசையில் சாய்ந்து, ஒன்றோடொன்று ரகசியம் பேசுவதுபோல் நின்றன.

மகள் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தாள். “அப்பா, இதுல உட்கார்ந்தா தாலாட்டுது. படிக்க உட்கார்ந்தா தூக்கம் வரும்.”

“எல்லா நாற்காலியும் முதல்ல ஆடும். போகப் போக சரியாகும்.”

“பெட்டியே நல்லா இருக்கு,” என்ற மனைவி, அட்டைப்பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மாசம் பாதி தாண்டிவிட்டது. சோபா விற்ற பணம் நாற்காலிக்குப் போயிற்று. காசுக் காவலனில் ஒரு சிவப்புக் கோடு கீழ்நோக்கி வழிந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து வரும் வழியில் மாஸ்டர் தினமும் பழைய கார் கடை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். நீலக் கார் அங்கேயே நின்றது. அதன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

பாட்டில்களை விற்றால்தான் உண்டு என்று முடிவு செய்தார். அக்கம்பக்கத்துத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் போட்டார். ‘கடை விலையில் முக்கால்வாசி. வீட்டுக்கே வந்து தரப்படும்.’ சில பேர் கேட்டார்கள். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க மாஸ்டரிடம் வண்டி இல்லை. ஆனால் நாள் முழுக்க அவர் உட்கார்ந்திருப்பது ஒரு வண்டியில்தான்.

மறுநாள் டீச்சரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்ததும் பின் சீட்டில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

“இன்னைக்கு என்ன பாடம் மாஸ்டர்?”

“குறுகலான சந்துல திரும்பறது டீச்சர். இந்த லெஃப்ட்ல போங்க. அந்தப் பச்சை கேட் முன்னாடி நிறுத்துங்க. ஒரு நிமிஷம் இருங்க, ரெண்டு பாட்டில் கொடுத்துட்டு வந்துடறேன்.”

அடுத்த வீடு ரிவர்ஸ் பாடம். அதற்கடுத்த வீடு மேட்டில் வண்டியை நிறுத்திக் கிளப்பும் பாடம். டீச்சரம்மா அலுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு இடத்திலும் வண்டி முட்டாமல் நிற்பதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம்.

“நான் நல்லா ஓட்டறேன் இல்லையா மாஸ்டர்?”

“ரொம்ப நல்லா ஓட்டறீங்க,” என்றார் மாஸ்டர், காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமல்.

“லைசன்ஸ் வந்ததும் கார் வாங்கிடுவேன். ஷெட்டைக்கூடப் பெருக்கிக் காலியா வச்சிருக்கேன்.”

இதைக் கேட்டதும் மாஸ்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்றைக்குச் சொல்ல நேரமில்லை. இரண்டு நாள் கழித்துக் கேட்டார்.

“டீச்சர், உங்க ஷெட் காலியா இருக்குன்னு சொன்னீங்களே. என் வீட்டுல நடக்கக்கூட இடமில்லை. மிச்சப் பாட்டிலையெல்லாம் கொஞ்ச நாள் அங்க வச்சுக்கட்டுமா?”

கார் சட்டென்று வலப்பக்கம் போய் இடப்பக்கம் வந்தது. மாஸ்டர் பிரேக்கை மிதித்தார்.

“இப்ப இடமில்லை மாஸ்டர்,” என்றார் டீச்சரம்மா, நேராக ரோட்டைப் பார்த்தபடி.

“போன தடவை காலின்னீங்க.”

“அப்ப காலி. இப்ப காலியில்லை. நீங்க ரோட்டைப் பாருங்க.”

ரோட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டியவர் தான் என்பதுகூட மாஸ்டருக்குத் தோன்றவில்லை. பணக்காரர்களுக்கு ஓர் இடம் காலியாக இருந்தால் பொறுக்காது, உடனே எதையாவது வாங்கி நிரப்பிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பாட்டில் வியாபாரம் பத்துப் பாட்டிலோடு நின்றுபோனது. வாங்கிய ஒருவர் மிகவும் மகிழ்ந்து, வாட்ஸ்அப் குழுவில் பாராட்டி எழுதிவிட்டார். ‘சொன்ன நேரத்தில் வந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் காரிலேயே கொண்டுவந்து தந்தார்கள். அருமையான சேவை.’ கூடவே காரின் போட்டோ. தலைப்பலகையில் ஸ்கூலின் பெயரும் போன் நம்பரும் பளிச்சென்று தெரிந்தன. முதலாளியின் வீடும் அதே தெருவில்தான்.

முதலாளி கூப்பிட்டார். மேஜைமேல் கைபேசியை வைத்து அந்தப் போட்டோவைக் காட்டினார்.

“மாஸ்டர், நான் கார் ஓட்டக் கத்துக்கொடுக்கற ஸ்கூல் நடத்தறேன். காலையிலேர்ந்து எட்டு பேர் போன் பண்ணிட்டாங்க. ஒருத்தர்கூட கிளாஸ் எப்பன்னு கேக்கலை. எலுமிச்சை வாசனை மட்டும்தானா, ரோஜா இருக்கான்னு கேக்கறாங்க.”

“தெரியாம பண்ணிட்டேன் சார்.”

“பெட்ரோல் காசை இந்த மாசச் சம்பளத்துல பிடிச்சுக்கறேன். இன்னொரு தடவை நடந்தா உங்களையே பிடிச்சு வெளிய விட்டுடுவேன்.”

பிடித்த பெட்ரோல் காசும் பாட்டில் விற்ற காசும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. மாஸ்டர் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றார். உடன் முப்பத்தெட்டுப் பாட்டில்களும் நாலு ஆடும் நாற்காலிகளும் நின்றன. மாசம் முடிய இரண்டே நாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் கைபேசியைத் தொடவில்லை. சிகாமணி புது வீடியோ போட்டிருப்பதாக அது ‘டிங்’ என்றது. கால் அமுங்கியது. அவ்வளவுதான்.

“என்னங்க ஆச்சு?” என்றாள் மனைவி.

மாஸ்டர் சொல்லிவிட்டார். முதலாளி சொன்னது, பெட்ரோல் காசு, எல்லாம். “நீ சொன்னது சரிதான். எனக்குக் கணக்கு வராது. கார் பேச்சை இனிமே எடுக்க மாட்டேன்,” என்றார். சொல்லிவிட்டு முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு காருக்காக இவ்வளவு வருத்தமா என்று வெட்கமாகவும் இருந்தது.

மனைவி ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னும் ரெண்டு நாள் இருக்கே. அந்த ஏமாளிகிட்ட கேட்டுப் பாருங்களேன்.”

“யாரு, மொட்டைமாடியா? சோபா வாங்கினவன் தரை துடைக்கற திரவம் வாங்குவானா?”

“வாங்கினாலும் வாங்குவான். சோபாவைச் சுத்தித் தரைன்னு ஒண்ணு இருக்கும் இல்ல?”

மாஸ்டர் நம்பிக்கையில்லாமல்தான் போட்டார். முப்பத்தெட்டுப் பாட்டிலும் மொத்தமாக, கடை விலைக்கு. போட்டுவிட்டுக் கைகால் கழுவி வருவதற்குள் மொட்டைமாடி வாங்கியிருந்தார். மறுநாள் காலை அதே லோடு வண்டிக்காரர் வந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார். கூடம் மறுபடி கூடமாயிற்று.

இனி நாற்காலிதான். தவணைத் தொகைக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. மகள் போட்டோ எடுத்து, ‘சற்றே சாய்ந்த நவீன வடிவம்’ என்று எழுதினாள். மொட்டைமாடி உடனே ‘எடுத்துக்கொள்கிறேன்’ என்று பதில் அனுப்பினார்.

அப்போதுதான் மாஸ்டருக்கு மனசாட்சி குறுக்கே வந்து நின்றது. யாரோ ஒரு நல்ல மனுஷன். மூன்றாவது தடவையாக நம்பி வாங்குகிறார். வயதானவராக இருந்து, நாற்காலியில் உட்கார்ந்து விழுந்து தொலைத்தால்?

“உள்ளதை எழுதிடு,” என்றார் மகளிடம்.

“எழுதினா வாங்க மாட்டாங்கப்பா. கார் போயிடும்.”

“போகட்டும். ஏமாளியா இருந்தா அவனை விழவைக்கலாமா?”

மகள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுதினாள். ‘ஐயா, நாற்காலி நாலும் ஆடுகிறது. உட்கார்ந்தால் விழ வாய்ப்பு உண்டு. வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டேன்.’

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அடுப்படியில் மனைவி எதையோ செய்துகொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றிருந்தது. கைபேசி ‘டிங்’ என்றது.

‘பரவாயில்லை. ஆடட்டும்.’

பணமும் வந்துவிட்டது.

*

மாசக் கடைசி நாளில் மாஸ்டர் காசுக் காவலனைத் திறந்து மனைவி முன்னால் வைத்தார். தவணைக்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் கணக்கை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள்.

“நீங்க ஜெயிச்சுட்டீங்க,” என்றாள்.

“நிஜமாவா?”

“கணக்குன்னா கணக்குதானே. வாங்க, கடை மூடறதுக்குள்ள போகலாம்.”

முன்பணம் கட்டினார்கள். தலையில் பலகை இல்லாத நீலக் காரில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மகளைப் பின்னால் உட்காரவைத்து, மாஸ்டர் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் எதையும் கேட்கவில்லை. யாரும் எதையும் கேட்காதது அவருக்கு அவ்வளவு இன்பமாக இருந்தது. பாதி வழியில் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொன்னார். கண்ணாடி நாலும் மூடியிருந்தது.

“ஒரு மாசத்துக்கே இவ்வளவு மிச்சம். இனிமே வீட்டுக் கணக்கை நானே—”

“வேண்டாம்,” என்றாள் மனைவி. “நீங்க வண்டியைப் பாருங்க.”

“உனக்கு நல்ல சோபா ஒண்ணு வாங்கணும். இன்னைக்கே ஆன்லைன்ல—”

“அதை நான் பார்த்துக்கறேன்.”

மறுநாள் காலை மாஸ்டர் வேலைக்கு நீலக் காரிலேயே போனார். ஸ்கூல் வாசலில் டீச்சரம்மா இனிப்புப் பெட்டியோடு நின்றிருந்தார். முந்தின நாள் டெஸ்டில் பாஸ். கையில் லைசன்ஸ்.

“ஒண்ணு கேக்கணும் மாஸ்டர். டெஸ்ட் எடுத்த ஆபீசர் சொன்னாரு, உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்காமே? இத்தனை நாளா என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொல்லக் கூடாது டீச்சர். அதுதான் எங்க தொழில் ரகசியம்,” என்று சிரித்தார் மாஸ்டர். “வண்டி தன் கையிலதான் இருக்குன்னு நினைச்சாத்தான் கத்துக்கறவங்களுக்குப் பயம் போகும். பக்கத்துல ஒருத்தர் காலை வச்சுக்கிட்டு சும்மா இருக்கணும். தேவைப்படறப்ப மட்டும், அவங்களுக்குத் தெரியாம, லேசா ஒரு அமுக்கு. பாவம், தானே ஓட்டினதா நினைச்சுப்பாங்க. நினைச்சுக்கட்டுமே, நமக்கென்ன நஷ்டம்?”

“அதுவும் சரிதான்,” என்று டீச்சரம்மா இனிப்பை நீட்டினார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகக் குரலைத் தாழ்த்தினார்.

“மாசம் முடிஞ்சாச்சு, இனிமே சொல்லலாம் இல்லையா? நாளைக்கு என் புதுக் கார் வருது மாஸ்டர். உங்க வீட்டம்மா வாங்கி, முதல்ல மருந்துக் கடை மொட்டைமாடியில போட்டு, மழைக்குப் பயந்து என் ஷெட்டுக்கு மாத்தின சோபாவையும், அந்தப் பாட்டில் பெட்டியையும், ஆடற நாற்காலியையும் இன்னைக்கே எடுத்துக்கச் சொல்லுங்க.”